ஊர்ப்பேர் வைத்த வயர்கள்

எங்கள் வேதக்கோயில் பங்குச் சுவாமியாரின் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு இங்கிலீசு மோட்டார்சைக்கிள் நின்றது. அதை முதன்முதலில் வாங்கிய சுவாமியார் யார் என்பதில் ஊரில் இரண்டு கட்சி இருந்தது. வெள்ளைக்காரச் சுவாமியார் என்று ஒரு கட்சி, அவருக்குப் பிறகு வந்த குண்டுச் சுவாமியார் என்று மற்றக் கட்சி. யார் வாங்கியிருந்தாலும், என் காலத்தில் அது கோழிகள் அடையும் மோட்டார்சைக்கிளாகத்தான் இருந்தது. பெற்றோல் டாங்கியில் கறுப்பு நிறமும் தங்கக் கோடும் இருப்பதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். கோழி எச்சத்துக்குக் கீழே எங்கேயாவது இருந்திருக்கும். என் சித்தப்பா, அப்பாவின் தம்பி, அப்போதிருந்த சுவாமியாரிடம் அதைக் கேட்டு வாங்கி ஒழுங்கை வழியே தள்ளிக்கொண்டு வந்தபோது, சிரிக்காத ஆட்கள் என்றால் நானும் சித்தியும்தான்.

நான் சிரிக்காததற்குக் காரணம் பெருமை. ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருடைய சித்தப்பாவிடம் மோட்டார்சைக்கிள் இருக்கிறது? சித்தி சிரிக்காததற்குக் காரணம் வேறு. சித்தி ஒரே விடியற்காலையில், ஒரே வள்ளத்தில், இரண்டு தம்பிமாரைக் கடலுக்குப் பறிகொடுத்தவர். கலியாணம் பேசி வந்தபோது அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: கடலுக்குப் போகிற ஆளுக்குக் கழுத்தை நீட்டமாட்டேன். கரையில் பிறந்து கரையில் வளர்ந்த மனிதனிடம் இப்படிக் கேட்கலாமா என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். சித்தப்பாவோ, சித்தியின் முகத்தைப் பார்த்த மயக்கத்தில், உடனே தலையாட்டிவிட்டார்.

தலையாட்டுவது சுலபம், பிழைப்பு வேண்டாமா? கரையில் மீன் வாங்கிப் பெட்டியில் அடைத்து, சைக்கிளில் கட்டிக் கிளிநொச்சிச் சந்தை வரை மிதித்தார். பொருளாதாரத் தடைக்காலம். ஐஸ் என்ற சாமான் எங்கள் பக்கத்தில் கண்ணுக்கே தென்படாது. பரந்தனைத் தாண்டும்போதே மீனின் கண் வெளுக்கத் தொடங்கிவிடும். விற்காத மீனை வழியில் கொட்டிவிட்டு வெறும் பெட்டியோடு வந்த நாட்கள் கூடிக்கொண்டு போயின. அதற்குள் ஒரு குழந்தையும் பிறந்துவிட்டது. ஒரு நாள் சித்தப்பா, சோற்றைப் பிசைந்தபடி, திரும்பக் கடலுக்குப் போகட்டோ என்று மெல்லக் கேட்டிருக்கிறார். அடுத்த நாள் அவர்கள் வீட்டுக் குசினியில் அடுப்பு மூட்டப்படவில்லை.

ஆகவே அந்த மோட்டார்சைக்கிள் ஓடியாகவேண்டும். ஓடினால் மீன் கெடுமுன் சந்தைக்குப் போகும். ஓடாவிட்டால் சித்தப்பா கடலுக்குப் போவார். எனக்கே அது விளங்கியிருந்தது.

இயந்திரத்தில் பெரிய பழுது இல்லை. சித்தப்பா படகு இயந்திரங்களோடு மாரடித்த ஆள். அதைப் பிரித்துக் கழுவிப் பூட்டிவிட்டார். பெற்றோல் சில துளி விட்டுக் கிளப்பினால் பிறகு மண்ணெண்ணெய்யில் ஓடும். வினை இருந்தது வயர்களில். முன் லைற்றைக் கழற்றினால், உள்ளே நான்கு எலிக்குஞ்சுகள், கண் திறக்காமல் கிடந்தன. வயரைச் சுற்றியிருந்த துணியையும் ரப்பரையும் மென்று மெத்தை செய்திருந்தது தாய் எலி. அந்தக் குஞ்சுகளைத் தூக்கி எறியச் சித்தி விடவில்லை. தாய் வந்து ஒவ்வொன்றாகக் காவிக்கொண்டு போகும்வரை ஒரு பகல் முழுவதும் வேலை நின்றது.

முன்னிருந்து பின்வரை ஒரு வயர்கூட மிஞ்சவில்லை. கடையில் வாங்கலாம் என்றால் வயர் தடை செய்யப்பட்ட சாமான். கடைசியில் சித்தப்பா வீடு வீடாகப் போனார். கரண்ட் நின்று வருடக்கணக்காகியிருந்தது. வயர்கள் சுவர்களில் சும்மா கிடந்தன. கேட்டவர்கள் எல்லோரும் கழற்றிக் கொடுத்தார்கள், கரண்ட் வந்தால் திருப்பித் தரவேண்டும் என்ற பகிடியோடு. அப்படி ஒரு சாக்கு வயர் சேர்ந்தது. ஆனால் வீட்டு வயரில் இரண்டு நிறம்தான், சிவப்பும் கறுப்பும். சுவாமியார் தேடித் தந்த பழைய புத்தகத்தில் மோட்டார்சைக்கிளின் வயர்களுக்கு ஒன்பது நிறம் போட்டிருந்தது. ஒன்பதை வைத்து ஓடவேண்டியதை இரண்டை வைத்து ஓட்டினால், எந்த வயர் எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்? சித்தப்பா இரண்டு முறை பூட்டினார். இரண்டு முறையும் குழம்பிப்போய்க் கழற்றினார்.

மூன்றாவது முறைதான் அந்த யோசனை வந்தது.

"நிறம் இல்லாட்டி என்ன பிள்ளை, பேர் வைப்பம்" என்றார். "பஸ்ஸுக்குப் போர்ட் போடுறமாதிரி. எங்க போகுதோ, அந்த ஊர்ப்பேர்."

எனக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. பழைய வெள்ளைச் சீலை ஒன்றைச் சித்தி விரல் அகலத் துண்டுகளாகக் கிழித்துத் தந்தார். அதில் நான் பேனையால் ஊர்ப்பேர் எழுத, சித்தி அதை வயரின் நுனியில் தைத்துவிடுவார். எல்லா வயரும் வந்து சேருகிற சுவிச்சுக்குப் பரந்தன் என்று பேர் வைத்தோம். சந்தி என்றால் பரந்தன்தானே. பற்றறி கிளிநொச்சி, ஏனென்றால் எல்லாச் சாமானும் அங்கேதான் வந்து இறங்கும். பின் லைற் ஓமந்தை. எங்கள் பக்கத்து வாகனங்கள் அதற்கு அப்பால் போவதில்லை. கடைவீதியில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருப்பதால் முன் லைற் புதுக்குடியிருப்பு. ஹோர்னுக்கு என்ன பேர் என்று நான் கேட்டதும் சித்தப்பா யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரான முள்ளிவாய்க்கால் என்றார். எங்கள் ஆட்கள் கடற்காற்றை மீறிக் கதைத்துப் பழகியவர்கள். வீட்டுக்குள் இரகசியம் பேசினாலும் நாலு வளவுக்குக் கேட்கும்.

மிஞ்சியது டைனமோ. அதற்குப் பேர் வைத்தது நான். அது இயந்திரத்தோடு ஒட்டியிருந்தது, இரைச்சல் வருகிற இடம். எங்கள் வீட்டில் தூரத்து இரைச்சல் கேட்கும்போதெல்லாம் பெரியவர்கள் ஒரு ஊரின் பேரைத்தான் சொல்வார்கள். அங்கே இராணுவ முகாம் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் பத்து வயதில் தெரிவது என்பது வேறு. ஆனையிறவு என்று எழுதிச் சித்தியிடம் நீட்டினேன். சித்தப்பா பார்த்துவிட்டு, "சரியாத்தான் வைச்சிருக்கிறாய்" என்று சிரித்தார்.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. வயர்களைச் சேர்த்துச் சுற்ற நாடா இல்லை. சித்தி வலை பின்னும் ஊசியையும் நைலோன் நூலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாண் இடைவெளியில் முடிச்சு, முடிச்சுக்கு நடுவே இறுக்கிய சுற்று. தம்பிமார் போன பிறகு சித்தி வலை ஊசியைத் தொட்டது அன்றுதான் என்று அம்மா பிறகு சொன்னார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, முன் லைற்றிலிருந்து பின் லைற் வரை கட்டி முடித்தார். அந்தக் கட்டு மோட்டார்சைக்கிளின் முதுகெலும்போடு ஒட்டி வடிவாகக் கிடந்தது. அவர்கள் இரண்டு பேரும் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

ஓடாமல் கிடந்த உழவு மெசின் ஒன்றின் பற்றறியைப் பூட்டிச் சித்தப்பா சுவிச்சைத் திருப்பியது ஒரு பின்னேரம். புதுக்குடியிருப்பு எரிந்தது. ஓமந்தை எரிந்தது. முள்ளிவாய்க்காலை அமுக்கும் உரிமை எனக்குத் தரப்பட்டது. தடிமன் பிடித்த ஆட்டுக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. ஒழுங்கையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்தார்கள். நான் கையை எடுக்கவே இல்லை. சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருடைய பல்வரிசையை அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகப் பார்த்தேன்.

மோட்டார்சைக்கிள் ஓடியது, ஆனால் ஒரு மைல் கட்டை தூரம் போனதும் நின்றது. பற்றறி இறங்கிவிட்டது. ஓடும்போது டைனமோ பற்றறிக்கு மின்சாரம் கொடுக்கவேண்டும், கொடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே மின்சாரத்தை அளந்து விடுகிற ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தது. அதில் வயர் பூட்ட நான்கு இடம். எது எதற்கென்று எழுதியிருந்தது அழிந்துபோயிருந்தது. புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பூச்சி தின்றிருந்தது. சித்தப்பா எல்லா விதமாகவும் மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் எங்கேயாவது நடுவழியில் நின்று, தள்ளிக்கொண்டு வந்து சேர்வார். அந்த நாட்களில் அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் கண்டேன். சித்தியும் கண்டிருப்பார்.

வவுனியாவில் ஒரு வயதான மெக்கானிக் இருப்பதாகவும், அந்தக் காலத்துச் சுவாமிமாரின் மோட்டார்சைக்கிள் எல்லாவற்றையும் அவர்தான் பார்த்தவர் என்றும் சுவாமியார் சொன்னார். சித்தப்பாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று நெடுநாளாகச் சூத்தை. வவுனியா ஆஸ்பத்திரியில் பல்லுப் பிடுங்கவேண்டும் என்று சொல்லி எல்லை தாண்டப் பாஸ் எடுத்தார். பொய்யும் இல்லை, கன்னம் வீங்கித்தான் இருந்தது. பல்லையும் பிடுங்கி, மெக்கானிக்கையும் பார்த்து, அந்தப் பெட்டியின் சூட்சுமத்தைக் கேட்டுக்கொண்டு வருவது என்று திட்டம்.

மெக்கானிக்குக் காட்ட ஒரு படம் வேண்டும். சித்தப்பா கீறி வைத்திருந்த கடதாசி ஒற்றை எண்ணெய் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. "வடிவா ஒண்டு கீறித் தா பிள்ளை, நீதான் எங்கட வீட்டுச் சித்திரக்காரி" என்றார். வகுப்பில் படம் கீறுவதில் நான்தான் முதலாவது. கணக்கில் எத்தனையாவது என்று கேட்கவேண்டாம். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கொப்பியின் நடு ஒற்றையைப் பிரித்தெடுத்துக் கதிரையில் வைத்துக் கீறத் தொடங்கினேன். சிவப்பு வயருக்குச் சிவப்புப் பேனை. கறுப்புப் பேனை இல்லாததால் கறுப்பு வயருக்கு நீலம். எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்ட ஒவ்வொரு கோட்டிலும் அம்புக்குறி போட்டேன். எத்தனை வயர் போகிறது என்று பக்கத்தில் இலக்கமும் எழுதினேன். பரந்தன், கிளிநொச்சி, ஓமந்தை, ஆனையிறவு எல்லாவற்றையும் வட்டத்துக்குள் அச்சு எழுத்தில் எழுதினேன். மோட்டார்சைக்கிளின் சில்லையோ டாங்கியையோ கீறவில்லை. அவை படத்தின் அழகைக் கெடுக்கும் என்று எனக்கு எண்ணம். முதல் மூன்று ஒற்றைகள் எனக்குப் பிடிக்கவில்லை, நான்காவதைக் கொடுத்தேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவும் எட்டிப் பார்த்து நல்ல வடிவு என்றார். வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எங்களுக்கு அது மோட்டார்சைக்கிள். இரண்டு கிழமையாக அந்தப் பேர்களைச் சொல்லிச் சொல்லி, ஓமந்தை என்றால் பின் லைற் என்றே எங்கள் வாய் பழகியிருந்தது. ஓமந்தைக்குச் சரியா வருகுதில்லை, கிளிநொச்சியில ஒருக்காச் சுரண்டிப் பாருங்கோ என்று சித்தி சொல்வார். சித்தப்பா குனிந்து சுரண்டுவார்.

திங்கட்கிழமை விடிய அவர் கலியாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். படத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டார். நிறப் பென்சில் பெட்டி என்றேன். சித்தி படலைவரை வந்து, "இஞ்சருங்கோ, பல்லுப் பிடுங்கினாப்பிறகு வெய்யிலுக்க நடக்காதேங்கோ" என்றார்.

வியாழன் வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. வெள்ளிக்கிழமை, பக்கத்து ஊர்ப் பெண் ஒருவர் வியர்த்து விறுவிறுத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். வவுனியாவுக்குப் போகிற சோதனைச்சாவடியில் சித்தப்பாவுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் அவர். என்னைத் தண்ணீர் அள்ளிவரச் சொல்லிக் கிணற்றடிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது சித்தி குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி நிலத்தில் இருந்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் என்னவோ இருந்தது. சித்தப்பாவுக்குப் பல்லு வீங்கிவிட்டதாம், கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் நிற்கவேண்டுமாம் என்றார்கள்.

அந்தப் பெண் சொன்னது எனக்குத் தெரியவந்தது பத்து வருடம் கழித்து, அப்பா மனம் பொறுக்காமல் சொன்ன ஒரு நாளில். சட்டைப் பையைச் சோதித்த ஆமிக்காரன் அந்த ஒற்றையை விரித்திருக்கிறான். பல்லுப் பிடுங்கப் போகிறவனிடம் இது என்ன என்று கேட்டிருக்கிறான். அந்தப் பெண் நின்ற இடத்திலிருந்து சிவப்புக் கோடும் நீலக் கோடும்தான் தெரிந்தன. சித்தப்பா சிரித்துச் சிரித்து, கையால் மோட்டார்சைக்கிள் ஓடுவதுபோலக் காட்டி விளக்கியிருக்கிறார். அவர்கள் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். பிறகு ஒரு வாகனம் வந்தது. அவ்வளவுதான் அந்தப் பெண் கண்டது.

எனக்கோ பல்லு வீக்கம். நான் ஒவ்வொரு நாளும் கோயிலில் முழந்தாளில் நின்று சித்தப்பாவின் பல்லுக்காக மன்றாடினேன்.

அந்தப் பெண் வந்துபோன வெள்ளிக்கிழமை பின்னேரமே அம்மா என் கொப்பிகளைப் புரட்டி, நான் கழித்து வைத்த மூன்று ஒற்றைகளையும் தேடியெடுத்து அடுப்பில் போட்டார். பிறகு கத்தரிக்கோலோடு போய் மோட்டார்சைக்கிளில் தைத்திருந்த சீலைத் துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி அதையும் நெருப்பில் போட்டார். எந்தப் பக்கத்திலிருந்து யார் வந்து கேட்பார்களோ என்ற பயம் அவருக்கு. நான் கத்தினேன். சித்தப்பா சுகமாகி வந்தால் எந்த வயர் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அந்த ஊர்ப்பேருகளை நீ இனி ஒரு ஒற்றையிலயும் எழுதக்கூடாது. ஆர் கேட்டாலும் எழுதக்கூடாது. விளங்குதோ?"

விளங்கியது என்றேன். அம்மா அப்படி உலுக்கியதை நான் கோபம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் சுவாமியார் என்னை மட்டும் நிற்கச் சொன்னார். அன்றைக்கு அம்மாவும் சித்தியும் பாஸ் அலுவலாகப் புதுக்குடியிருப்புக்குப் போயிருந்தார்கள். அப்பா கடலில். சுவாமியார் தன் வீட்டு விறாந்தையில் மேசை போட்டு, நல்ல வெள்ளைத் தாள் ஒன்றும் இரண்டு நிறப் பேனையும் வைத்திருந்தார்.

"சித்தப்பாவுக்கு ஒரு படம் கீறிக் குடுத்தனி எல்லோ, அதே படத்தை எனக்கும் ஒண்டு கீறித் தா பாப்பம்."

எதற்கென்று அவர் சொல்லவில்லை. அவர் அன்று பகலே வவுனியாவுக்குப் புறப்பட இருந்தார். பிடிபட்ட படத்தை ஒரு பத்து வயதுப் பிள்ளைதான் கீறியது, அது மோட்டார்சைக்கிளின் வயர்தான், அதே கை அதே படத்தைத் திரும்பக் கீறியிருக்கிறது பாருங்கள் என்று காட்டுவது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம். படத்தில் ஊர்ப்பேர்கள் இருந்தது அவருக்குத் தெரியாது. வரிசையில் நின்ற பெண்ணுக்கும் தெரியாது. தெரிந்த அம்மா பயத்தில் வாயைத் திறக்கவில்லை. சித்திக்கு அப்போது சொல்வதற்கும் சொல்லாமல் விடுவதற்கும் வித்தியாசம் தெரியாத நிலைமை. பிள்ளையின் மனதில் பாரம் ஏற்றக்கூடாது என்று அப்பா சுவாமியாரைக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் என்னில் வைத்த அன்பில்தான் எல்லாம் நடந்தது.

நான் பேனையைக் கையில் எடுத்துக்கொண்டு யோசித்தேன். ஆர் கேட்டாலும் எழுதக்கூடாது. ஆர் என்றால் சுவாமியாரும்தான். அம்மாவே சுவாமியாரிடம் சொல்லி என்னைச் சோதிக்கிறாரோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம். நான் அவ்வளவு மொக்குப் பிள்ளையா? வட்டங்களுக்குள் லைற், ஹோர்ன், பற்றறி, டைனமோ, சுவிச் என்று அழகாக எழுதினேன். மேலே மோட்டார்சைக்கிள் வயரிங் என்று தலைப்பும் போட்டு அதன் கீழ் இரட்டைக் கோடு கீறினேன். அப்படி ஒரு படம் நான் அதற்கு முன்னும் கீறியதில்லை, பின்னும் கீறியதில்லை.

சுவாமியார் அதை நெடுநேரம் பார்த்தார். "இப்பிடியேதானோ அண்டைக்கும் கீறினது? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஓம் சுவாமி."

"ஒரு எழுத்தும் மாறேல்லையோ?"

"இல்லைச் சுவாமி."

அவர் என் தலையில் கை வைத்தார். தாளை மடித்து உறைக்குள் வைத்து, தானே சாட்சி என்று எழுதிய கடிதத்தையும் அதற்குள் வைத்தார்.

அங்கே இராணுவத்தார் இரண்டு படங்களையும் ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் ஆனையிறவிலிருந்து பரந்தனுக்கு இரண்டு, பரந்தனிலிருந்து ஓமந்தைக்கு ஒன்று என்று படை நகர்த்தும் படம்போல அம்புக்குறி. மற்றதில் லைற்றும் ஹோர்னும். இரண்டும் ஒரே படம் என்று சுவாமியார் கையெழுத்து வைத்திருக்கிறார். நீங்களுமா இப்படி என்று அவரைக் கேட்டார்களாம். அவர் திரும்பி வந்து, நடந்ததை அப்பாவிடமும் அம்மாவிடமும் சித்தியிடமும் சொன்னார். பிறகு ஓடித்திரிந்து இன்னொரு பாஸ் எடுத்துப் போவதற்குள், சித்தப்பாவை அங்கிருந்து கொண்டுபோய்விட்டார்கள். எங்கே என்று கேட்ட இடமெல்லாம், அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்ற பதில்தான் வந்தது. இன்றுவரை அதற்கு மேல் ஒரு சொல்லும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கடல் கொண்டுபோய்விடும் என்று பயந்துதான் சித்தி அவரைத் தரையில் பிடித்து வைத்திருந்தார்.

இவை ஒன்றையும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. என் முன்னால் ஒரு முகச்சுளிப்புக்கூட இல்லை. சித்தி அந்தக் கிழமையும் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் என்னைக் கூப்பிட்டு, தலை இழுத்து, இரட்டைப் பின்னல் பின்னிவிட்டார். பின்னும்போது அவருடைய கை ஓரிடத்தில் நின்றுவிடும். சித்தி, நேரமாகுது என்பேன். ஓம் பிள்ளை என்று திரும்பப் பின்னுவார். சித்தப்பா கொழும்புக்கு வைத்தியத்துக்குப் போய்விட்டார் என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஒரு பல்லுக்கு இவ்வளவு நாளா என்று நான் சலித்துக்கொண்டேன்.

தபசு காலம் வந்தது. பெரிய வெள்ளிக்கு முன் எல்லாப் பிள்ளைகளும் சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும். என்னிடம் பாவங்கள் குறைவாக இருந்தன; அது எனக்குக் கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. அம்மாவை எதிர்த்துக் கதைத்தது, பூசையில் சிரித்தது, இவை போதாது. வரிசையில் நின்று யோசித்தபோதுதான் அந்தப் பொய் நினைவுக்கு வந்தது. சுவாமியாரிடமே சொன்ன பொய். அதையும் சேர்த்தால் ஒரு மரியாதையான பட்டியல் வரும்.

என் முறை வந்தது. சுவாமியாரை மறைத்த தட்டிக்கு இந்தப் பக்கம் முழந்தாளில் நின்று, மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிட்டு, அதைக் கடைசியில் சொன்னேன்.

"சுவாமி, நான் உங்களுக்கு ஒரு பொய் சொன்னனான். அண்டைக்குக் கீறித் தந்த படம் சித்தப்பாவுக்குக் கீறினமாதிரி இல்லை. நான் பேருகளை மாத்திப்போட்டன்."

இவ்வளவு நேரம் ஒரு பாவத்துக்காக அவர் பேசாமல் இருந்ததை நான் கேள்விப்பட்டதில்லை. பெரிய பரிகாரமாகத் தரப்போகிறார் என்று பயந்துவிட்டேன். எனக்கு முன்னால் போன பிள்ளைக்கு, கோயில் வளவில் மாங்காய் களவெடுத்ததற்கு, ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை முழுவதும் கிடைத்திருந்தது.

கடைசியில் அவர் கதைத்தார். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லு பிள்ளை என்றார். அது பாவமில்லை பிள்ளை என்றும் சொன்னார். பிறகு தட்டிக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மூன்றே மூன்று! எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. பீடத்துக்கு முன்னால் போய் நின்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். திரும்பிப் பார்த்தபோது, இன்னும் பிள்ளைகள் வரிசையில் நிற்க, சுவாமியார் வெளியே வந்து முகத்தைக் கையால் மூடியபடி கடைசி வாங்கு ஒன்றில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தடிமன் ஆக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் வெயிலுக்குள் ஓடினேன்.